பெட்டி மூச்சு விட வேண்டும்

தமிழ்நாட்டுக் கல் குவாரிகளில் பாறை அள்ளும் எந்திரத்துக்குப் பெயர் இரண்டுதான்: பொக்லைன், இல்லாவிட்டால் ஹிட்டாச்சி. அதன் மேல் எந்த நிறுவனத்தின் பெயர் எழுதியிருந்தாலும் இந்த வழக்கு மாறாது. முன்னது ஒரு பிரெஞ்சு நிறுவனம், பின்னது ஜப்பானியது. இரண்டுமே இங்கே பொதுப்பெயராகிவிட்டன. பார்ப்பவர் கண்ணில் படுவதெல்லாம் இரும்பு. பூம், பக்கெட், செயின், ஹைட்ராலிக் சிலிண்டர் என்று இருபது டன் இரும்பு. ஆனால் அவ்வளவும் ஒரு பெட்டியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. எஞ்சினின் பக்கவாட்டிலோ ஆபரேட்டர் இருக்கைக்குப் பின்னாலோ திருகி வைத்திருக்கும் அந்த அலுமினியப் பெட்டி, தடிமனான நாவல் ஒன்றின் அளவுதான் இருக்கும். ஆபரேட்டர்கள் அதை ஈசிஎம் என்பார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை எப்போது தெளிப்பது, எவ்வளவு தெளிப்பது என்று மில்லிவினாடிக்கும் குறைவான துல்லியத்தில் அது கணக்குப் போடுகிறது. ஹைட்ராலிக் பம்பு எவ்வளவு ஆயிலைத் தள்ள வேண்டும் என்று பார்த்துக்கொள்ள அதே மாதிரி இன்னொரு பெட்டி இருக்கும். இவை பேச்சை நிறுத்தினால் இருபது டன்னும் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

அந்தப் பெட்டி குடியிருக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மே மாத வெயிலில் தொட முடியாதபடி காய்ந்த இரும்பு, மாவு போலப் பறக்கும் கிரஷர் தூசி, பாறை உடைக்கும் பிரேக்கரின் இடைவிடாத அதிர்வு, வேலை முடிந்ததும் பம்பு போட்டு அடிக்கும் வாட்டர் வாஷ். கைக்கடிகாரத்தைவிட நுட்பமான ஒன்றை இங்கே வைக்கச் சொன்னால் யாருக்கும் முதலில் தோன்றுவது ஒரே யோசனைதான்: தடித்த பெட்டிக்குள் வை, காற்றுகூடப் புகாமல் அடை, அசையாமல் இறுக்கு. நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கனரக எந்திரங்களுக்கு மின்னணுப் பெட்டி செய்கிறவர்கள் அடிபட்டுக் கற்றுக்கொண்டது ஏறக்குறைய இதற்கு நேர்மாறான பாடம். எல்லாவற்றையும் எதிர்த்து நிற்கப் பார்க்கும் பெட்டி சீக்கிரம் செத்துவிடுகிறது. எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது என்று முன்கூட்டியே யோசித்துச் செய்த பெட்டிதான் பத்தாயிரம் மணி நேரம் ஓடுகிறது. எங்கே காற்றை விடுவது, எங்கே மின்சாரத்தை வழியவிடுவது, எந்த ஒயரைத் தளர்வாக விடுவது, எந்தப் பழுதை வாய்விட்டுச் சொல்வது என்ற தீர்மானங்களில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. தகட்டின் தடிமனுக்கு அதில் பங்கு குறைவு.

தண்ணீரில் தொடங்கலாம், ஏனென்றால் அங்கேதான் நம் உள்ளுணர்வு மிக மோசமாக ஏமாற்றுகிறது. காற்றுப் புகாமல் அடைத்த ஒரு பெட்டி வேலை நேரத்தில் 80 டிகிரி செல்சியஸ் வரை சூடேறுகிறது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து, ரப்பர் கேஸ்கெட்டின் விளிம்பு வழியாகவும் ஒயர் நுழையும் ஓட்டை வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். எந்தக் கேஸ்கெட்டும் ஆண்டுக்கணக்கில் காற்றைப் பிடித்து நிறுத்தாது. வேலை முடிந்து எஞ்சினை அணைத்ததும் ஒருவர் 30 டிகிரித் தண்ணீரை அதன் மேல் பீய்ச்சுகிறார். உள்ளே மீதியிருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. கெல்வின் கணக்கில் 353இலிருந்து 303க்கு இறங்கினால் அழுத்தம் நூற்றுக்குப் பதினான்கு பங்கு குறையும். ஏறத்தாழ 1.4 மீட்டர் ஆழத் தண்ணீருக்குள் பெட்டியை அமுக்கிப் பிடித்தால் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ அவ்வளவு. வித்தியாசம் என்னவென்றால், இங்கே பெட்டியே தண்ணீரை உறிஞ்சுகிறது, அதுவும் தண்ணீர் மேலே ஓடிக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்தில். உள்ளே போன சொட்டு திரும்பி வருவதில்லை; மறுநாள் சூட்டில் ஆவியாகி, இரவில் சர்க்யூட் போர்டின் மேல் பனியாகப் படிகிறது. இப்படித் தினமும் ஒரு மடக்கு. ஒரு மழையில்கூட நனையாத எந்திரத்தின் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே பச்சை பூத்துக் கிடப்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு விடை இன்னும் இறுக்கமான கேஸ்கெட் அல்ல. பெட்டியில் வேண்டுமென்றே ஒரு ஓட்டை போட வேண்டும். சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு வட்டம், அதன் மேல் வெள்ளை நிறச் சவ்வு. 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்ளான் தண்டு ஒன்றைச் சூடாக்கி மெதுவாக இழுத்து இழுத்துப் பார்த்து, அது அறுந்துகொண்டே இருந்த எரிச்சலில் வெடுக்கென்று இழுத்தார். தண்டு அறுபடாமல் பல மடங்கு நீண்டுவிட்டது. அப்படி நீண்ட டெஃப்ளானில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள். காற்றும் நீராவியும் தாராளமாகப் போய்வரும். திரவமாக இருக்கும் தண்ணீர் தன் பரப்பு இழுவிசையால் துளைக்குள் நுழைய முடியாமல் முத்தாகத் திரண்டு உருண்டுவிடும். மழைச்சட்டைத் துணியாகப் புகழ்பெற்ற இதே பொருள்தான் இன்று ஈசிஎம் பெட்டிகளின் மூக்கு. உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகிவிட்டால் கேஸ்கெட்டுக்குப் போராட்டமே இல்லை, வெறும் கதவாக நின்றால் போதும். தெரியாமல் இந்த வட்டத்தின் மேல் பெயின்ட் அடித்துவிடுகிறவர்கள் உண்டு. மூக்கை அடைத்த பெட்டி மறுபடி வாயால் குடிக்கத் தொடங்கிவிடும்.

பெட்டிகளின் மேல் ஐபி 67, ஐபி 69கே என்று எண்கள் பொறித்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடைகிறோமே, அவற்றுக்கும் ஒரு வார்த்தை. ஐபி 67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது என்று பொருள். ஐபி 69கே என்பது வாட்டர் வாஷுக்கான சோதனை: 80 டிகிரி வெந்நீர், 80 முதல் 100 பார் அழுத்தம், ஒரு சாண்கூட இல்லாத தூரத்திலிருந்து நான்கு கோணங்களில் அடிப்பார்கள். பெரிய எண் சின்ன எண்ணை உள்ளடக்கியது என்று நினைத்துவிடக் கூடாது. பீய்ச்சலைத் தாங்கும் பெட்டி குட்டையில் மூழ்கினால் தாங்கும் என்று அந்த எண் சொல்லவில்லை, அதனால்தான் நல்ல பெட்டிகளில் இரண்டையும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். இதைவிட முக்கியம், இந்தச் சோதனைகள் புதுப் பெட்டியின் மேல் நடப்பவை. ஐந்து கோடை கண்ட ரப்பரைப் பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் தண்ணீர் பெரும்பாலும் பெட்டியின் சுவரை உடைத்துக்கொண்டு வருவதில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டு வருகிறது. செம்பு ஒயர் என்பது மெல்லிய இழைகளின் கற்றை. இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத் தண்ணீரை இழுக்கும். எங்கோ மூன்றடி தள்ளி ஒயரின் தோலில் ஒரு சின்னத் துளை விழுந்தால் போதும், ஈரம் உள்ளுக்குள்ளேயே நடந்து, ஒயர் பெட்டியோடு சேரும் கப்ளருக்கு வந்துவிடும். அந்தத் துளையைப் போடுவது பெரும்பாலும் எலியோ பாறையோ கிடையாது, பழுது பார்க்க வந்தவரின் ஊசிதான். கரன்ட் வருகிறதா என்று பார்க்க டெஸ்ட் லேம்பின் கூரான முனையை ஒயருக்குள் குத்துவது லாரிப் பட்டறைகளில் பழகிய கை. அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்திருக்கும். குறை சொல்லிப் பயனில்லை. குத்தத் தேவையில்லாதபடி சோதித்துப் பார்க்கத் தனிச் சாக்கெட் வைப்பது வடிவமைப்பவரின் பொறுப்பு. அதே போல ஒயர் கப்ளருக்குள் நேராகப் போகாமல் ஒரு முறை கீழே தொங்கி வளைந்து மேலேறிப் போக வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். ஒயர் நீளத்தில் நாலு அங்குலம் மிச்சம் பிடிக்கப் பார்த்து இந்த வளைவை விட்டுவிடுகிறவர்கள் பின்னால் அந்தப் பணத்தை வேறு வழியில் கொடுக்கிறார்கள்.

அதே ஒயரின் தளர்வு அதிர்வுக்கும் மருந்து. கப்ளருக்குள் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் பின்கள் வெள்ளீயம் பூசியவையாக இருந்தால், வெளியே தொங்கும் ஒயர் ஆடும்போது அவையும் மைக்ரான் கணக்கில் உரசும். உரசிய இடத்தில் புது உலோகம் வெளிப்பட்டு ஆக்சைடாகும். அந்த ஆக்சைடை அடுத்த உரசல் பொடியாக்கும். மின்சாரம் கடத்தாத அந்தக் கறுப்புப் பொடி நாளடைவில் பின்னுக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு திரை போட்டுவிடும். விளக்குக்குப் போகும் கனமான கரன்ட் அந்தத் திரையை உடைத்துக்கொண்டு போய்விடும். சென்சாரிலிருந்து வரும் மெல்லிய சிக்னலுக்கு அந்தத் தெம்பு இல்லை. கப்ளரைக் கழற்றி மாட்டியதும் பொடி உதிர்ந்து எல்லாம் சரியாகிவிடும், பிறகு ஒரு மாதத்தில் மறுபடி வரும். எலெக்ட்ரீஷியன்களை இரவெல்லாம் தூங்கவிடாத பழுது இது. சிக்னல் பின்களுக்குத் தங்கம் பூசுவது ஆடம்பரத்துக்காக அல்ல; தங்கம் ஆக்சைடு ஆவதில்லை. அதோடு, கப்ளருக்குப் பக்கத்திலேயே ஒயரை ஒரு கிளாம்பில் பிடித்து, ஆட்டத்தை அந்தக் கிளாம்போடு நிறுத்திவிட வேண்டும். ஆட வேண்டிய பகுதி ஆடட்டும், பின் மட்டும் ஆடக் கூடாது.

பெட்டிக்குள்ளே போனால் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கமாகிறது. எல்லாம் நெகிழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சர்க்யூட் போர்டு விறைப்பாகத்தான் இருக்க வேண்டும். ஒரே முடுக்கத்தில் உலுக்கினால், நொடிக்கு நூறு முறை அதிரும் போர்டு கால் மில்லிமீட்டர் வளையும் இடத்தில், இருநூறு முறை அதிரும் விறைப்பான போர்டு அதில் நாலில் ஒரு பங்குதான் வளையும். அதனால்தான் நடுவிலும் ஒரு திருகு போடுகிறார்கள். ஆனால் போர்டின் மேல் உட்கார்ந்திருக்கும் உறுப்புகளின் கதை வேறு. செராமிக் ரெசிஸ்டர் சூட்டில் கொஞ்சம்தான் விரியும், கண்ணாடி இழைப் போர்டு அதைவிட அதிகம் விரியும். ஆறு மில்லிமீட்டர் நீளமுள்ள ரெசிஸ்டர் ஒன்று தினமும் 60 டிகிரி ஏறி இறங்கினால் இரண்டுக்கும் நடுவே நாலு மைக்ரான் இழுபறி. தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆனால் அந்த இழுபறி முழுவதையும் தாங்குவது அடியில் உள்ள ஈயப்பற்று மட்டுமே, அதுவும் ஆயிரக்கணக்கான நாட்கள். (ஈயப்பற்று என்று பழக்கத்தில் சொல்கிறோம். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான மின்னணுப் பொருட்களில் காரீயத்துக்குத் தடை போட்ட பிறகு அது முக்கியமாக வெள்ளீயம்தான்.) கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது போல அது ஒரு நாள் விரிசல் விடும். ஆகவே பெரிய செராமிக் உறுப்பு ஒன்றுக்குப் பதில் சின்னதாக இரண்டு, விறைத்த காலுக்குப் பதில் வளையும் கால். கண்ணுக்குத் தெரியாத அந்த நாலு மைக்ரானுக்கு இடம் கொடுத்தாக வேண்டும்.

அப்படியானால் பெட்டி முழுவதையும் எபாக்ஸி ஊற்றி ஒரே கல்லாக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். பல மலிவுப் பெட்டிகளில் அதைத்தான் செய்கிறார்கள். அதிர்வு நின்றுவிடும், தண்ணீரும் போகாது. ஆனால் கெட்டியான எபாக்ஸி சூட்டில் தானும் விரியும். விரியும்போது தன்னுள் புதைந்திருக்கும் உறுப்புகளைப் போர்டிலிருந்து பிய்த்துவிடும். விவரம் தெரிந்தவர்கள் ஊற்றுவது சிலிக்கோன் ஜெல், விரலால் அமுக்கினால் குழையும் அது. இங்கேயும் காப்பாற்றுவது மென்மைதான்.

அடுத்தது மின்சாரம். நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வரும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் எந்திரத்தின் பேட்டரி லைன் ஒரு சந்தைக்கடை. செல்ஃப் அடிக்கும்போது மின்னழுத்தம் பாதிக்கும் கீழே விழும். ஈசிஎம் அப்போது மயங்கிவிடக் கூடாது, ஏனென்றால் எஞ்சினைக் கிளப்ப வேண்டியதே அதுதான். இதைவிட மோசமானது பேட்டரி டெர்மினல் கழன்றுபோவது. ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அதிர்வில் டெர்மினல் கழன்றால், அதுவரை பேட்டரி வாங்கிக்கொண்டிருந்த கரன்ட் போக இடமில்லாமல் தவிக்கும். ஆல்டர்னேட்டரின் காந்தப்புலம் உடனே அடங்காது. 24 வோல்ட் எந்திரத்தில் அந்த அலை 151 முதல் 202 வோல்ட் வரை எழும் என்றும், 100 முதல் 350 மில்லிவினாடி நீடிக்கும் என்றும் ஐஎஸ்ஓ 16750 தரநிலை வைத்துக்கொள்கிறது. கேட்கக் குறுகிய நேரம்தான், சிலிக்கான் சில்லுக்கு அது ஒரு யுகம். இங்கே எதிர்த்து நிற்பது வீண். பெட்டியின் வாசலிலேயே டிவிஎஸ் டையோடு ஒன்றை உட்கார வைப்பார்கள் (மதுரையில் தொடங்கிய டிவிஎஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). சாதாரண நேரத்தில் அது இருப்பதே தெரியாது; மின்னழுத்தம் எல்லை தாண்டியதும் மடை திறந்தது போல அவ்வளவு கரன்டையும் தன் வழியாக எர்த்துக்கு ஓடவிட்டு, வெப்பத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். அதையும் மீறினால் முன்னால் இருக்கும் ஃபியூஸ் போகும். நூற்றுக்கணக்கான உறுப்புகள் பிழைக்கப் பத்து ரூபாய் ஃபியூஸ் ஒன்று பலி.

அந்தத் தரநிலையில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. 12 வோல்ட் வண்டியின் பெட்டிக்கு ஒரு நிமிடம் 24 வோல்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறது அது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: காலையில் கிளம்பாத டிராக்டருக்குப் பக்கத்தில் நிற்கும் லாரியிலிருந்து ஜம்பர் கேபிள் போடுவார்கள், லாரி 24 வோல்ட். பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பதற்கும் தனிச் சோதனை உண்டு. ஜெனீவாவிலிருந்து வெளியாகும் தரநிலை, அவசரத்தில் மனிதன் என்ன செய்வான் என்பதை அறிவுரை சொல்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நம் ஊர்ப் பழக்கம் ஒன்று அதில் போதிய அளவு இடம்பெறவில்லை என்பேன், அது வெல்டிங். பக்கெட்டில் விரிசல் விட்டால் குவாரியிலேயே வெல்டரை வரவழைத்துப் பற்றவைப்பார்கள். எர்த் கிளாம்பை எங்கோ செயின் பக்கம் மாட்டிவிட்டு பக்கெட்டில் வெல்டிங் போட்டால், நூற்றைம்பது இருநூறு ஆம்பியர் கரன்ட் எந்திரத்தின் உடம்பு முழுவதும் அலைந்து, பேரிங் வழியாகவும் ஈசிஎம்மின் எர்த் ஒயர் வழியாகவும் பாதை தேடும். கிளாம்பை வெல்டிங் போடும் இடத்துக்கு ஒரு முழத்துக்குள் மாட்டு, பேட்டரியையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றிவை என்று கையேடு சொல்கிறது. கையேடு அலுவலகப் பீரோவில் இருக்கிறது. அந்த இரண்டு வரியைத் தமிழிலும் இந்தியிலும் பூமின் அடியிலேயே, வெல்டர் குனியும் உயரத்தில் ஒட்டிவைத்தால் எத்தனையோ பெட்டிகள் பிழைக்கும்.

பெட்டி விட்டுக்கொடுக்க வேண்டிய கடைசி இடம், தன்னால் முடியவில்லை என்று சொல்லத் தெரிவது. ஆயில் பிரஷர் சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷர் இல்லாதபோது 0 வோல்ட், முழு பிரஷரில் 5 வோல்ட் என்று வைத்தால் எளிமையாகத்தானே இருக்கும்? ஆனால் பரவலாக அது 0.5இல் தொடங்கி 4.5இல் முடியும். மிச்சம் விட்ட அந்த இரண்டு ஓரங்களில்தான் சூட்சுமம். ஒயர் பிரேமில் உரசி எர்த் ஆனால் 0 வோல்ட் வரும். அந்த எண்ணை எந்த உண்மையான பிரஷரும் தராது என்பதால், இது எஞ்சினின் கோளாறு அல்ல, ஒயரின் கோளாறு என்று பெட்டிக்குத் தெரிந்துவிடுகிறது. கனரக வண்டிகளுக்குப் பொதுவான மொழியான ஜே1939இல் இது எண்ணாகவே வரும். எஸ்பிஎன் 100 என்றால் எஞ்சின் ஆயில் பிரஷர். அதோடு எஃப்எம்ஐ 1 வந்தால் பிரஷர் நிஜமாகவே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது, உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். எஃப்எம்ஐ 4 வந்தால் சிக்னல் மின்னழுத்தம் இருக்க வேண்டியதற்கும் கீழே, அதாவது ஒயரைத் தேடு. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு எஞ்சினின் விலை. சென்சார் ஒன்று செத்தாலும் நல்ல பெட்டி எந்திரத்தை நட்டநடுப் பள்ளத்தில் நிறுத்திவிடாது. வேகத்தைக் குறைத்து, ஊர்ந்தாவது மேட்டுக்கு வரவிடும்.

இங்கே வலுவான ஓர் ஆட்சேபம் உண்டு. பழைய எந்திரங்களில் ஈசிஎம்மே கிடையாது, அவை முப்பது ஆண்டு ஓடவில்லையா? டீசல் பம்பு, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர், ஒரு கேபிள், அவ்வளவுதான். டிராக்டரானால் பேட்டரி இறந்தாலும் தள்ளிவிட்டால் ஓடும். இந்த ஏக்கம் பொய்யில்லை. ஆனால் அந்த எஞ்சின் கக்கிய புகையை இனி சட்டம் ஏற்காது. இந்தியாவில் கட்டுமான எந்திரங்களுக்கு 2021 ஏப்ரலில் நான்காம் கட்ட மாசு விதியும் 2025 ஜனவரியில் ஐந்தாம் கட்டமும் வந்தன. அந்த அளவுக்குப் புகையைக் குறைக்க, ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஒரே எரிதலுக்குள் டீசலைப் பல தவணைகளாகப் பிரித்துத் தெளிக்க வேண்டும். எந்தக் கவர்னரின் சுழலும் குண்டாலும் அது ஆகாது. ஆட்சேபத்தில் உள்ள உண்மையை வேறு இடத்தில் தேட வேண்டும். தேய்ந்துபோன பழைய பம்பு உடனே நிற்காது. கொஞ்சம் புகை விடும், டீசல் கூடக் குடிக்கும், சத்தம் மாறும். மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டே கண்டுபிடிப்பார். அந்த எந்திரம் படிப்படியாகக் கெட்டது, சொல்லிவிட்டுக் கெட்டது. இரும்புக்கு இயல்பாகவே வாய்த்த அந்தக் குணம் சிலிக்கானுக்கு இல்லை. யாராவது உட்கார்ந்து அதை உள்ளே வைக்க வேண்டும். நான் மேலே சொன்னதெல்லாம் அந்த வேலையைப் பற்றித்தான்.

இன்னொரு ஆட்சேபம் விலை பற்றியது. ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் கைப்பேசிகூடத் தண்ணீரில் மூழ்கினால் கெடுவதில்லை, அதில் உள்ள சில்லு ஈசிஎம் சில்லைவிடப் பன்மடங்கு வேகமானது, பிறகு ஏன் இந்தப் பெட்டிக்கு மட்டும் லட்சத்தில் விலை? கைப்பேசி தன் பேட்டரியைத் தானே வைத்திருக்கிறது, யாரும் அதற்கு வெல்டிங் போடுவதில்லை, நாலாம் ஆண்டில் தூக்கிப் போட்டுவிடுகிறோம். எந்திரமோ பதினைந்து இருபது ஆண்டு உழைக்கும், அதுவரை அதே சில்லு சந்தையில் கிடைக்க வேண்டும். ஆகவே வடிவமைப்பாளர்கள் தெரிந்தேதான் பழைய, மெதுவான, நன்கு பழகிய சில்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிற்பதன் விலையும் வேறு. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி வட மாநிலத்து மூலையில் ஆழ்துளை போட்டுக்கொண்டிருக்கும் ரிக் லாரி நின்றால், உதிரிபாகம் வரும்வரை ஆட்களுக்குக் கூலியும் சாப்பாடும் ஓடிக்கொண்டிருக்கும். சிலியில் அட்டகாமா பாலைவனத்தின் கேப்ரியேலா மிஸ்திரால் செம்புச் சுரங்கத்தில் 2008 முதல் கொமாட்சுவின் பிரம்மாண்ட லாரிகள் ஓட்டுநர் இல்லாமலே ஓடுகின்றன. அங்கே பெட்டி குழம்பினால் ஸ்டியரிங்கைப் பிடிக்க உள்ளே ஆளே இல்லை.

மூன்றாவது ஆட்சேபம்தான் எனக்கு உறுத்துவது. ஜெல் ஊற்றி மூடிய பெட்டியை ஊர் மெக்கானிக் திறக்க முடியாது. மென்பொருளுக்கும் பூட்டுப் போட்டுவிட்டால் படிக்கவும் முடியாது. உறுதி என்ற பெயரில் எந்திரம் அதை விலை கொடுத்து வாங்கியவரின் கையை விட்டுப் போய்விடுகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் விவசாயிகள் தங்கள் எந்திரத்தைத் தாங்களே பழுது பார்க்கும் உரிமைக்காக 2023இல் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம், டிராக்டர் செய்யும் ஜான் டியர் நிறுவனம் பழுதறியும் மென்பொருளைத் தன் டீலர்களுக்கு மட்டும் முழுமையாகத் தருவதாகக் குற்றம் சாட்டி அதன் மேல் வழக்குப் போட்டது. நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. இதில் என் கணக்கு எளியது. பெட்டியை மூடுவதற்குக் காரணம் உண்டு, தண்ணீர். பெட்டிக்குத் தெரிந்ததை மூடி வைப்பதற்கு அப்படி எந்த இயற்பியல் காரணமும் கிடையாது. புகைக் கட்டுப்பாட்டை யாரோ குலைத்துவிடுவார்கள் என்ற அச்சம் உண்மைதான். ஆனால் கணக்கை மாற்றவிடாமல் பூட்டுவது வேறு, பழுதின் பெயரைப் படிக்கவிடாமல் பூட்டுவது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்த முடியாது.

திறந்து வைத்தால் எவ்வளவு பயன் என்பதற்கு எந்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983இல் தொடங்கி 1986இல் டெட்ராய்ட் நகரில் வெளியிட்ட கேன் என்ற ஏற்பாட்டில், ஒன்றையொன்று முறுக்கிய இரண்டே ஒயர்களில் எல்லாப் பெட்டிகளும் பேசிக்கொள்கின்றன. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் செய்தி. செல்ஃப் மோட்டாரின் இரைச்சல் இரண்டையும் ஒரே அளவு தாக்குவதால் வித்தியாசம் கெடுவதில்லை. இந்த ஒயர் ஜோடியின் இரண்டு கடைசியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று மாட்டியிருக்கும். ஆபரேட்டர் கேபினில் வட்ட வடிவில் ஒன்பது பின் சாக்கெட் ஒன்று உண்டு; அதன் சி பின்னும் டி பின்னும் அந்த இரண்டு ஒயர்கள். எந்திரத்தை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, சாதாரண மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டு பின்னையும் தொட்டால் 60 காட்ட வேண்டும், இரண்டு 120 பக்கவாட்டில் சேர்ந்தால் 60. 120 காட்டினால் வழியில் எங்கோ ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது ஒரு ரெசிஸ்டர் போய்விட்டது. சைபருக்குப் பக்கம் காட்டினால் இரண்டு ஒயரும் எங்கோ தோலுரிந்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன. லேப்டாப் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், ஒயரில் ஊசியும் குத்த வேண்டாம். பார்த்து முடித்ததும் சாக்கெட்டின் ரப்பர் மூடியை மட்டும் மறக்காமல் திரும்ப மாட்ட வேண்டும்.